காற்றில் யாருக்கு எவ்வளவு பங்கு: லினக்ஸ் ரவுட்டரில் வைஃபை அமைப்பது குறித்து ஓர் ஆய்வு

ஓப்பன்டபிள்யூஆர்டி என்னும் லினக்ஸ் மென்பொருளைப் புதிதாக ஏற்றிய ரவுட்டரில் பொதுவாக வைஃபை வேலை செய்யாது. முதல்முறை ஏற்றுபவர்களில் பலர் பெட்டி பழுதாகிவிட்டது என்று பயந்துவிடுகிறார்கள். பழுது ஒன்றும் இல்லை. வைஃபைக்கான கோப்பில் 'டிசேபிள்டு 1' என்று ஒரு வரி இருக்கும். வேண்டுமென்றே எழுதிவைத்த வரி அது. அப்போதுதான் ஏற்றிய பெட்டிக்கு நிர்வாகக் கடவுச்சொல் கிடையாது, வைஃபைக்குப் பாஸ்வேர்ட் கிடையாது, தான் எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதும் அதற்குத் தெரியாது. அந்த நிலையில் அலைபரப்பத் தொடங்கினால் தெருவில் போகிற யாரும் உள்ளே நுழைந்துவிடலாம். அதனால்தான் நாம் கேபிள் போட்டு, 192.168.1.1 என்ற முகவரியைத் திறந்து, கடவுச்சொல் வைத்து, நாட்டைச் சொல்லி, பிறகு நம் கையால் ரேடியோவை இயக்க வேண்டும் என்று அதை உருவாக்கியவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள்.

இந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். வைஃபை என்றால் வேகம், சிக்னல், பாஸ்வேர்ட் என்று மூன்று சொற்களில் பேசி முடித்துவிடுகிறோம். ஆனால் ரவுட்டரில் நாம் மாற்றக்கூடிய அமைப்புகள் எல்லாம் நமக்கு மட்டும் சொந்தமானவை அல்ல. எந்த அலைவரிசையில் எவ்வளவு திறனோடு பரப்பலாம் என்பது அரசின் சட்டம். எந்தச் சேனல், எவ்வளவு அகலம் என்பது பக்கத்து வீட்டுக்காரரையும் பாதிக்கும் விஷயம். பெயர், பாஸ்வேர்ட், விருந்தினருக்கான தனி இணைப்பு ஆகியவைதான் முழுக்க நம் வீட்டுக்குள் அடங்குபவை. பெரும்பாலான கம்பெனிப் பெட்டிகள் இவை எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் கலந்து போட்டுவிடும், அல்லது பாதியை மறைத்துவிடும். லினக்ஸ் ரவுட்டர் எதையும் மறைப்பதில்லை. அதில் எதைத் தொடலாம், எதைத் தொடாமல் விடலாம் என்பதுதான் கேள்வி.

இந்த வசதி நமக்குக் கிடைத்ததே ஒரு உரிமப் பிரச்சினையால். 2002 டிசம்பரில் லிங்க்சிஸ் நிறுவனம் டபிள்யூஆர்டி54ஜி என்ற ரவுட்டரை விற்பனைக்கு விட்டது. நீலமும் கருப்புமாக, பின்னால் இரண்டு ஆன்டெனாக்களோடு இருக்கும் பெட்டி. அடுத்த ஆண்டு சிஸ்கோ அந்த நிறுவனத்தை வாங்கியது. பெட்டிக்குள் ஓடுவது லினக்ஸ் என்பதை 2003 ஜூனில் லினக்ஸ் கர்னலில் வேலை செய்பவர்கள் கவனித்துக் கேள்வி எழுப்பினார்கள். ஜிபிஎல் உரிமத்தின்படி, அந்த மென்பொருளை வைத்துப் பொருள் விற்பவர் வாங்கியவருக்கு மூலநிரலைத் தந்தாக வேண்டும். நெருக்கடிக்குப் பிறகு நிறுவனம் நிரலை வெளியிட்டது. அதன்மேல் எழுந்ததுதான் 2004 ஜனவரியில் தொடங்கிய ஓப்பன்டபிள்யூஆர்டி. பெயரின் பின்பாதியே அந்தப் பெட்டியிலிருந்து வந்ததுதான். டிடி-டபிள்யூஆர்டி, டொமேட்டோ போன்றவையும் அதே ஊற்றிலிருந்து கிளைத்தன. உரிமத்தை மதிக்கவில்லை என்று ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் 2008 டிசம்பரில் சிஸ்கோ மீது வழக்குத் தொடுத்து, 2009 மே மாதம் சமரசமானது.

இடையில் 2005இல் அந்த ரவுட்டரின் ஐந்தாம் பதிப்பில் லினக்ஸை எடுத்துவிட்டு, நினைவகத்தைப் பாதியாகக் குறைத்தார்கள். லினக்ஸ் வேண்டும் என்பவர்களுக்காக டபிள்யூஆர்டி54ஜிஎல் என்று தனியாக ஒரு மாடலையும் விற்றார்கள். திறந்த மென்பொருளுக்காகவே கூடுதல் விலை கொடுத்து மக்கள் வாங்கினார்கள் என்பதற்கு அது நல்ல சான்று. ஓப்பன்டபிள்யூஆர்டி குழுவுக்குள்ளும் பிணக்கு வந்தது. 2016 மே மாதம் ஒரு பகுதியினர் லீட் என்ற பெயரில் பிரிந்துபோய், 2018 ஜனவரியில் மீண்டும் ஒன்றானார்கள். பிரிவுக்குப் பின் வெளியீடுகள் முன்னைவிட ஒழுங்காகின என்பது என் கணிப்பு.

வைஃபை அமைப்புகள் எல்லாம் ஒரே கோப்பில்தான் இருக்கின்றன. அதை ஒருமுறை நேரில் திறந்து பார்ப்பது பத்துக் காணொளிகள் பார்ப்பதைவிட மேல். கோப்பில் இரண்டு வகைப் பகுதிகள் உண்டு. 'வைஃபை-டிவைஸ்' என்று தொடங்கும் பகுதி ரேடியோவைப் பற்றியது. ரேடியோ0, ரேடியோ1 என்று பெயர் இருக்கும். அலைவரிசை 2ஜியா 5ஜியா, சேனல் எண், அகலம், நாடு, திறன் எல்லாம் அதற்குள் அடங்கும். (இந்த 5ஜிக்கும் செல்போன் 5ஜிக்கும் தொடர்பில்லை. இது 5 கிகாஹெர்ட்ஸ்.) 'வைஃபை-ஐஃபேஸ்' என்று தொடங்குவது அந்த ரேடியோவின் மேல் ஏற்றிய ஒரு வலையமைப்பு: அதன் பெயர், குறியாக்கம், பாஸ்வேர்ட், அது வீட்டு வலையமைப்போடு சேர வேண்டுமா தனியாக நிற்க வேண்டுமா என்பவை. ஒரே ரேடியோவின் மேல் பல வலையமைப்புகளை ஏற்றலாம். ஆனால் சேனல் ரேடியோவுக்கு உரியது என்பதால் அவை எல்லாம் ஒரே சேனலில்தான் ஓடும். இந்தப் பிரிவினை மனத்தில் பதிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. 'விருந்தினர் வைஃபையை மட்டும் வேறு சேனலுக்கு மாற்ற முடியவில்லையே' என்று திண்டாடுபவர்களுக்குப் பதில் இந்தக் கோப்பிலேயே இருக்கிறது.

நாம் எழுதும் வரிகளை எடுத்து ஹோஸ்ட்ஏபிடி என்ற நிரலுக்குப் புரியும் வடிவில் மாற்றிக் கொடுப்பது ரவுட்டரின் வேலை. அந்த நிரல்தான் அலைபரப்பை நடத்தி, வருபவர்களின் பாஸ்வேர்டைச் சரிபார்க்கிறது. அதற்குக் கீழே கர்னலில் மேக்80211 என்ற அடுக்கும், அதற்கும் கீழே சிப்புக்கான டிரைவரும் இருக்கின்றன. கட்டளை எழுதத் தயங்குபவர்களுக்கு லூசி என்ற வலைப்பக்கம் உண்டு. அதில் ஒரு நல்ல ஏற்பாடு: மாற்றத்தைச் செயல்படுத்திய பிறகு குறித்த நேரத்துக்குள் நம் கணினி ரவுட்டரைத் திரும்பத் தொடர்புகொள்ளாவிட்டால், பழைய அமைப்புக்கே அது தானாகத் திரும்பிவிடும். அப்படி இருந்தும், வைஃபை அமைப்பை வைஃபை வழியாக இணைந்துகொண்டு மாற்றாதீர்கள். கேபிள் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் நாடு. கோப்பில் 'கன்ட்ரி' என்ற வரியில் இந்தியாவுக்கான ஐஎன் என்ற இரண்டு எழுத்தை இட வேண்டும். இதை விட்டுவிட்டால் லினக்ஸ் உலகப் பொது விதி ஒன்றை எடுத்துக்கொள்ளும். எந்த நாட்டிலும் தவறாகிவிடாத அளவுக்கு இறுக்கமான விதி அது. அதன்படி 5 கிகாஹெர்ட்ஸில் ரவுட்டர் தானாக அலைபரப்பவே முடியாது. '2.4 வருகிறது, 5 வரவில்லை' என்ற புகார்களில் நாட்டை இடாததையே முதலில் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையை உரிமம் இல்லாமல் பயன்படுத்த 2005 ஜனவரியில் அரசு அனுமதித்தது. 5 கிகாஹெர்ட்ஸில் நெடுநாள் சில பகுதிகள் மட்டும், அதுவும் பெரும்பாலும் கட்டிடத்துக்குள் மட்டும் என்றிருந்தது. 2018 அக்டோபரில் 5150 முதல் 5350 வரையும், 5470 முதல் 5875 மெகாஹெர்ட்ஸ் வரையும், மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் திறந்துவிடப்பட்டது. சட்டம் மாறினால் லினக்ஸின் விதித் தரவுத்தளத்தைத் திருத்தி வெளியிடுகிறார்கள். புதுப்பிக்கும் ரவுட்டர் அதைப் பெற்றுக்கொள்ளும். பழைய கம்பெனிப் பெட்டி ஒன்று 2018க்கு முந்தைய விதியோடே காலம் தள்ளிக்கொண்டிருக்கக்கூடும்.

சிலர் நாட்டை வேண்டுமென்றே மாற்றி எழுதுகிறார்கள். வேறு நாட்டின் பெயரைப் போட்டால் திறன் கூடும், கூடுதல் சேனல் கிடைக்கும் என்ற ஆசை. இதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். 5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 64 வரையும் 100 முதல் 144 வரையும் உள்ள சேனல்கள் ரேடார்களோடு பகிர்ந்துகொள்பவை. வானிலை ரேடார்களும் அதில் அடக்கம். அந்தச் சேனலைத் தேர்ந்தெடுத்தால் ரவுட்டர் முதலில் குறைந்தது 60 விநாடி பேசாமல் கேட்க வேண்டும். ரேடார் துடிப்பு கேட்டால் உடனே விலகி, 30 நிமிடம் அந்தப் பக்கமே வரக்கூடாது. 2009இல் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் விமான நிலைய வானிலை ரேடாரில் கம்பியில்லாக் கருவிகளின் குறுக்கீடு புகுந்தது. விமானம் இறங்கும் இடத்தில் ஆபத்தான திடீர்க் காற்று மாற்றங்களைப் பார்த்துச் சொல்கிற கருவி அது. நாடு என்ற இரண்டு எழுத்தில் பொய் எழுதுவது இப்படிப்பட்ட இடத்தில்தான் போய் முட்டும்.

இந்த ரேடார் சேனல்களுக்கு நம் ஊரில் இன்னொரு சங்கடமும் உண்டு. மின்வெட்டு அடிக்கடி வரும் இடத்தில் ரவுட்டர் ஒவ்வொரு முறை எழும்போதும் அந்த ஒரு நிமிடக் காத்திருப்பு சேர்ந்துகொள்ளும். கரண்ட் வந்தும் வைஃபை வரவில்லையே என்று வீட்டில் கேள்வி வரும். யுபிஎஸ் இல்லாத வீட்டுக்கு 36 முதல் 48 வரை, அல்லது 149 முதல் 165 வரை உள்ள சேனல்களே நல்லது.

இனி சேனல். 2.4 கிகாஹெர்ட்ஸில் 13 சேனல்கள் என்று எண் போட்டிருக்கும். அவை ஒன்றுக்கொன்று 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கின்றன, ஆனால் ஒரு வைஃபை பிடிக்கும் இடம் 20 மெகாஹெர்ட்ஸ். ஆகவே ஒன்றை ஒன்று மிதிக்காமல் இருப்பவை 1, 6, 11 ஆகிய மூன்றுதான். 'எல்லாரும் 6இல் இருக்கிறார்கள், நான் 4க்குப் போகிறேன்' என்பது கெட்டிக்காரத்தனம் போலத் தோன்றும். ஒரே சேனலில் இருப்பவர்கள் ஒருவர் பேசுவது மற்றவருக்கு நன்றாகக் கேட்பதால் முறை வைத்துப் பேசுகிறார்கள். 4இல் இருப்பவரின் பேச்சு 1இல் இருப்பவருக்கும் 6இல் இருப்பவருக்கும் புரியாத இரைச்சலாகவே போய்ச் சேரும். இரண்டு பக்கமும் கெடும், நமக்கும் ஆதாயமில்லை. நெரிசலான 6ஐவிட அரைகுறை 4 மோசம்.

அகலத்தில்தான் அதிகமான தவறு நடக்கிறது. அமைப்பில் எச்டி20, எச்டி40, விஎச்டி80, எச்இ80 என்றெல்லாம் வரும். கடைசி எண் அகலம். அகலம் இரட்டித்தால் வேகமும் ஏறத்தாழ இரட்டிக்கும் என்று பெட்டியின் அட்டையில் போட்டிருப்பார்கள். அதே திறனை இரண்டு மடங்கு இடத்தில் பரப்புகிறோம் என்பதையும், இரைச்சலும் இரண்டு மடங்கு உள்ளே வரும் என்பதையும் போட்டிருக்க மாட்டார்கள். 20இலிருந்து 80க்குப் போனால் சிக்னலுக்கும் இரைச்சலுக்குமான இடைவெளியில் 6 டெசிபெல் போய்விடும். ரவுட்டர் இருக்கும் அறையில் அது தெரியாது. இரண்டு சுவர் தாண்டிய படுக்கையறையில் நன்றாகத் தெரியும்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். 2.4இல் எப்போதும் 20. 40 வைத்தால் மூன்று இடம் உள்ள பட்டையில் இரண்டு இடத்தை ஒரே வீடு எடுத்துக்கொள்கிறது. இதைத் தடுக்கத்தான் ஹோஸ்ட்ஏபிடி சுற்றிலும் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, ஆள் இருந்தால் தானாக 20க்கு இறங்கிவிடும். அந்தப் பரிசோதனையை நிறுத்த 'நோஸ்கேன்' என்று ஒரு வழி இருக்கிறது. வயல் நடுவே தனி வீட்டில் இருப்பவரைத் தவிர வேறு யாரும் அதைத் தொட வேண்டாம். 5 கிகாஹெர்ட்ஸில் தனி வீடு என்றால் 80 சரி. அடுக்குமாடி என்றால் 40 போதும். ரேடாருக்கு அஞ்சாத இடத்தில் 80 அகலத் துண்டு இரண்டே இரண்டுதான், 40 என்றால் நான்கு கிடைக்கும். 160 அகலம் வைத்தால் ரேடார் சேனல்களைத் தொடாமல் முடியாது.

சேனலுக்கு 'ஆட்டோ' என்று விட்டுவிடலாமா என்று கேட்பார்கள். டிரைவர் இடம் கொடுத்தால் ரவுட்டர் எழும் நேரத்தில் ஒருமுறை சுற்றிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும், அவ்வளவுதான். காலை நான்கு மணிக்குக் கரண்ட் வந்து எழுந்தால், ஊர் தூங்கும் நேரத்துக் காற்றைப் பார்த்து முடிவெடுத்திருக்கும். இரவு எட்டு மணி நெரிசல் அதற்குத் தெரியாது. நாமே அளப்பது மேல். 'ஐடபிள்யூ' என்ற கட்டளையில் 'சர்வே டம்ப்' கேட்டால், அந்தச் சேனலில் ரேடியோ எத்தனை மில்லிவிநாடி விழித்திருந்தது, அதில் எத்தனை மில்லிவிநாடி காற்று யாராலோ பிடிக்கப்பட்டிருந்தது என்று இரண்டு எண்களைத் தரும். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் நெரிசல் விகிதம் வந்துவிடும். செல்போனில் சிக்னல் கோடுகளைப் பார்த்து ஊகிப்பதைவிட இந்த இரண்டு எண்கள் எத்தனையோ மேல். கடையில் வாங்கிய பெட்டிகளில் இந்த எண்களை நான் பார்த்ததே இல்லை.

திறனைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. வைஃபை இருவழிப் பேச்சு. ரவுட்டர் 30 டிபிஎம், அதாவது ஒரு வாட் திறனில் பரப்பினாலும் செல்போன் அதில் ஒரு சிறு பங்கில்தான் பதில் சொல்லும், அதன் பேட்டரி அவ்வளவுதான். கோயில் திருவிழா ஒலிபெருக்கியில் பேசுபவரின் குரல் ஊர் எல்லை வரை கேட்கும், எல்லையில் நிற்பவர் கத்தினாலும் அவருக்குக் கேட்காது. போனில் கோடுகள் நிறைந்திருக்கும், பக்கம் திறக்காது. இரண்டு ரவுட்டர் உள்ள வீட்டில் இது இன்னும் கெடுதல். மாடிக்கு ஏறிய போன், கீழ்வீட்டு ரவுட்டரின் உரத்த குரலை விடாமல் பிடித்துக்கொண்டு தொங்கும். திறனைக் குறைத்தால் தானாக அருகிலுள்ளதற்கு மாறும். வேகமாக மாறுவதற்கென்று 802.11ஆர் என்ற ஏற்பாடும் அமைப்பில் உண்டு. சில பழைய கருவிகள் அதைக் கண்டால் இணையவே மறுக்கும் என்பதால், திறனையும் இடத்தையும் சரிசெய்த பிறகும் குறை இருந்தால் மட்டும் அதைப் பார்க்கலாம்.

காற்றில் இன்னொரு செலவு கண்ணுக்கே தெரியாமல் நடக்கிறது. ஒவ்வொரு வைஃபை பெயரும் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று விநாடிக்கு ஏறக்குறைய பத்து முறை அறிவித்துக்கொண்டே இருக்கும். அந்த அறிவிப்பு சுமார் 250 பைட், அதாவது 2000 பிட். பழைய 1 மெகாபிட் வேகத்தில் அனுப்பினால் ஒன்றுக்கு 2 மில்லிவிநாடி ஆகும். ஒரு பெயருக்கு விநாடியில் 20 மில்லிவிநாடி. ஒரே சேனலில் 15 பெயர்கள் கேட்கும் அடுக்குமாடியில், யாரும் ஒரு படம்கூடப் பார்க்காமலே காற்றில் பத்தில் மூன்று பங்கு அறிவிப்புக்கே போய்விடும். இதே அறிவிப்பை 6 மெகாபிட்டில் அனுப்பினால் செலவு ஆறில் ஒன்றாகக் குறையும். ஓப்பன்டபிள்யூஆர்டியின் இப்போதைய பதிப்புகள் 1999ஆம் ஆண்டுத் தரத்தின் அந்தப் பழைய மெது வேகங்களைத் தாமாகவே அணைத்துவிடுகின்றன. நாம் செய்ய வேண்டியது, ஒரே ரேடியோவில் ஐந்தாறு பெயர்களை அடுக்காமல் இருப்பதுதான்.

மெதுவான ஒருவர் எல்லாரையும் இழுத்துப் பிடிப்பது வைஃபையின் பழைய நோய். சிக்னல் குறைந்த மூலையில் 6 மெகாபிட்டில் இருக்கும் போனுக்கும், பக்கத்திலேயே 300 மெகாபிட்டில் இருக்கும் மடிக்கணினிக்கும் சம எண்ணிக்கையில் தரவுப் பொட்டலங்கள் போகும். ஆனால் போனின் ஒவ்வொரு பொட்டலமும் ஐம்பது மடங்கு நேரம் காற்றைப் பிடித்துக்கொள்ளும். எண்ணிக்கையைப் பங்கிடாமல் நேரத்தைப் பங்கிட வேண்டும் என்பதே தீர்வு. டேவ் டாட், ஜிம் கெட்டிஸ் முதலியோர் ரவுட்டர்களில் தேவையில்லாமல் பெருத்த தேக்கங்களால் வரும் தாமதத்தை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள். அந்தத் தொடர்ச்சியில் 2016, 2017 வாக்கில் லினக்ஸின் வைஃபை அடுக்குக்குள்ளேயே நேரப் பங்கீடும் குறுகிய வரிசையும் வந்தன. அந்த வேலைக்கு ஓப்பன்டபிள்யூஆர்டி ரவுட்டர்கள்தான் சோதனைக்கூடம். டேவ் டாட் 2025 ஏப்ரலில் காலமானார். வீடியோ அழைப்பு நடுவே வேறொருவர் பெரிய கோப்பை இறக்கியும் குரல் திக்காமல் வருகிறதென்றால், அதில் அவருடைய உழைப்பும் இருக்கிறது. இது தானாக இயங்கும் விஷயம். அமைப்பில் நாம் தொட வேண்டியது எதுவும் இல்லை, அதற்கு இடம் கொடுக்கும் டிரைவர் உள்ள சிப்பை வாங்குவதைத் தவிர.

வீட்டுக்குள் அடங்கும் விஷயங்களுக்கு வருவோம். குறியாக்கத்தில் பழைய டபிள்யூஇபி 2001இலேயே உடைந்தது. 2004இல் வந்த டபிள்யூபிஏ2 இன்றும் பெரும்பாலான வீடுகளைக் காக்கிறது. 2017 அக்டோபரில் ஆய்வாளர் மேத்தி வான்ஹோஃப் வெளியிட்ட கிராக் என்னும் ஓட்டை அதிலும் இருந்தது. ஓப்பன்டபிள்யூஆர்டி போல் தொடர்ந்து புதுப்பிக்கப்படும் மென்பொருளில் அது அடைபட்டது. கைவிடப்பட்ட பெட்டிகளில் இன்னும் திறந்தே கிடக்கிறது. 2018இல் டபிள்யூபிஏ3 வந்தது. கோப்பில் 'எஸ்ஏஇ' என்று எழுதினால் அது மட்டும், 'எஸ்ஏஇ-மிக்ஸ்டு' என்றால் இரண்டும். பழைய போன், பழைய டிவி உள்ள வீட்டில் இரண்டாவது. எட்டு இலக்க எண்ணை வைத்து இணைக்கும் டபிள்யூபிஎஸ் முறையை எங்கே கண்டாலும் அணைத்துவிடுங்கள். அந்த எட்டு இலக்கத்தை இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால் 11,000 முயற்சிக்குள் பிடித்துவிடலாம் என்று 2011லேயே காட்டிவிட்டார்கள்.

இவை எல்லாவற்றையும்விட நம் ஊரில் பெரிய ஓட்டை பாஸ்வேர்ட்தான். இணைப்புக் கொடுக்க வருபவர் வீட்டுக்காரரின் செல்போன் எண்ணையே பாஸ்வேர்டாகப் போட்டுவிட்டுப் போவது தெருவுக்குத் தெரு நடக்கிறது. நினைவில் நிற்கும் என்பது உண்மைதான். கணக்குப் பார்ப்போம். இந்தியச் செல்போன் எண்கள் 6, 7, 8, 9 ஆகிய நான்கில் ஒன்றில் தொடங்கும் பத்து இலக்கம். மொத்தம் 400 கோடி வாய்ப்புகள். டபிள்யூபிஏ2இல் ஒரு போன் இணையும்போது நடக்கும் கைகுலுக்கலைத் தெருவில் நின்று பதிவு செய்துகொண்டால் போதும், மீதியை வீட்டில் உட்கார்ந்து முயன்று பார்க்கலாம். ஒரு நல்ல கிராஃபிக்ஸ் அட்டை விநாடிக்குப் பத்து லட்சம் பாஸ்வேர்டுகளைச் சோதிக்கும். 400 கோடியும் 4000 விநாடியில், அதாவது ஒரு மணி நேரம் ஏழு நிமிடத்தில் முடிந்துவிடும். டபிள்யூபிஏ3 இந்த வீட்டில் உட்கார்ந்து முயலும் வழியை அடைக்கிறது, அதுதான் அதன் பெரிய நன்மை. ஆனால் பாஸ்வேர்ட் செல்போன் எண்ணாக இருக்கும்வரை பக்கத்து வீட்டுக்காரருக்கு எந்தக் கருவியும் வேண்டாம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து எழுதுங்கள். 63 எழுத்து வரை இடம் இருக்கிறது.

பெயரைத் தமிழிலேயே வைக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. வைஃபை பெயருக்கு 32 பைட் இடம் உண்டு. யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட், துணைக்காலும் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறிகளாகக் கணக்காகும். 'தாமரை வீடு' 28 பைட்டில் அடங்கும். 'தாமரை இல்லம்' 34 ஆகி வெளியே நிற்கும். பெயரை மறைத்துவைப்பதால் பாதுகாப்புக் கூடிவிடாது. மறைத்த பெயரைத் தேடி நம் போன்தான் போகும் இடமெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டியிருக்கும். மறைக்காமல் விடுங்கள்.

விருந்தினருக்கும், கேமரா, டிவி, ஸ்மார்ட் பல்பு போன்றவற்றுக்கும் தனி வலையமைப்பு வைப்பது லினக்ஸ் ரவுட்டர் தரும் மிகப் பெரிய பயன்களில் ஒன்று. புதிய ஐஃபேஸ் பகுதி, அதற்குத் தனி முகவரித் தொகுதி, ஃபயர்வாலில் தனி மண்டலம், அந்த மண்டலத்திலிருந்து இணையத்துக்கு வழி, வீட்டு வலையமைப்புக்கு வழி இல்லை: இவ்வளவுதான் வேலை. 'ஐசொலேட் 1' என்ற வரி சேர்த்தால் விருந்தினர்கள் ஒருவர் கருவியை ஒருவர் பார்க்கவும் முடியாது. ஆண்டுக்கணக்கில் புதுப்பிக்காத கேமரா ஒன்று வீட்டுக் கணினியோடு ஒரே வலையில் கிடக்கக்கூடாது.

இந்த அமைப்புகளின் முழு வலிமையைப் பார்க்க வேண்டுமென்றால் வீட்டை விட்டு வெளியே வர வேண்டும். தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை, சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் உள்ள பார்வை மையங்களைக் கம்பியில்லா இணைப்பால் கட்டியது. 2000களின் நடுவில், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக டையர் குழுவோடு சேர்ந்து செய்த வேலை. ஊரில் இருக்கும் நோயாளியின் கண்ணைத் தேனியில் இருக்கும் மருத்துவர் வீடியோவில் பார்த்து ஆலோசனை சொன்னார். பயன்பட்டது சாதாரண வைஃபை ரேடியோவும், லினக்ஸ் ஓடும் சிறு கணினிப் பலகையும், ஒரு திசை நோக்கிய ஆன்டெனாவும்.

அங்கேதான் ஒரு சிக்கல் வந்தது. வைஃபையில் பொட்டலம் கிடைத்ததும் மறுமுனை 'கிடைத்தது' என்று ஒப்புகை அனுப்ப வேண்டும், குறித்த நேரத்துக்குள் வராவிட்டால் அனுப்பியவர் மறுபடி அனுப்புவார். அலை ஒரு கிலோமீட்டர் கடக்க 3.3 மைக்ரோவிநாடி ஆகும். பத்துக் கிலோமீட்டர் போய்த் திரும்ப 66 மைக்ரோவிநாடி. வீட்டை மனத்தில் வைத்து எழுதிய தரத்தின் பொறுமை அவ்வளவு நீளாது. பொட்டலம் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தும், தொலைந்ததென்று நினைத்து மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டிருக்கும். பெர்க்லி குழு பேசும் முறையையே மாற்றி, நேரம் ஒதுக்கி மாறி மாறிப் பேசும்படி எழுதியது. நிரல் திறந்திருந்ததால் அது முடிந்தது. வெனிசுலாவில் எர்மானோ பியத்ரோசெமோலி என்பவர் 2007இல் மலைக்கு மலை 382 கிலோமீட்டர் வைஃபை இணைப்பை நிறுவிக் காட்டியபோதும் இந்தக் குழுவின் மென்பொருள்தான் உதவியது. இன்று ஓப்பன்டபிள்யூஆர்டியில் 'டிஸ்டன்ஸ்' என்று ஒரு வரி இருக்கிறது. மறுமுனை எத்தனை மீட்டர் என்று எழுதினால் ஒப்புகைக்குக் காத்திருக்கும் நேரத்தை அது நீட்டிக்கொள்ளும். தோட்டத்து மோட்டார் அறைக்கோ, மலைச்சரிவில் உள்ள பள்ளிக்கோ இணைப்புக் கொடுப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய வரி.

2005இல் 2.4 பட்டை திறந்துவிடப்பட்டதும் தரம்சாலாவில் திபெத்தியச் சமூகத்தினரிடையே எழுந்த வலையமைப்பும், பெர்லினின் ஃப்ரைஃபுங்க் இயக்கமும், அந்த நீல லிங்க்சிஸ் பெட்டியில் மென்பொருளை மாற்றி ஏற்றித்தான் வளர்ந்தன. தேனியிலும் தரம்சாலாவிலும் அலைகளைவிட அதிகம் தொல்லை கொடுத்தது மின்சாரம் என்று பெர்க்லி குழுவினர் 2008இல் எழுதினார்கள். ஏறி இறங்கும் மின்னழுத்தத்தில் நினைவக அட்டைகளே கெட்டன. ரவுட்டரின் அமைப்புகளைச் சரிசெய்வதற்கு முன், அதற்கு நல்ல மின்சாரம் போகிறதா என்று பார்ப்பது இன்றைக்கும் பொருந்தும்.

லினக்ஸ் என்றதும் எல்லாமே திறந்தது என்று நினைத்துவிடக்கூடாது. ஏதெரோஸ் நிறுவனத்தின் பழைய 802.11என் சிப்புகளில் சிப்புக்குள் தனி மென்பொருள் இல்லை, டிரைவர் முழுக்கத் திறந்தது. அதற்குப் பின் வந்தவற்றில் ரேடியோவின் உயிர்நாடி மூடிய ஃபர்ம்வேருக்குள் போய்விட்டது. பிராட்காம் வைஃபை சிப் உள்ள ரவுட்டர்களுக்கு ஆதரவு மோசம், மீடியாடெக் இப்போது நன்றாக இருக்கிறது. ஒழுங்குமுறையும் இதில் சேர்ந்துகொண்டது. 2015 மார்ச்சில் அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான எஃப்சிசி, டிடி-டபிள்யூஆர்டி போன்ற மென்பொருளை ஏற்றவிடாமல் எப்படித் தடுக்கிறீர்கள் என்று தயாரிப்பாளர்களைக் கேட்டது. எதிர்ப்புக் கிளம்பவே அந்த ஆண்டின் கடைசியில் வாசகத்தை மாற்றிக்கொண்டது. 2016 ஆகஸ்டில், நாட்டு அமைப்பைப் பயனரே மாற்றித் திறனைக் கூட்ட வழிவிட்டதற்காக டிபி-லிங்க் நிறுவனம் 2 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. அதே உடன்பாட்டில், வெளியார் ஃபர்ம்வேரை ஆதரிக்கும் வழியை ஆராய்வதாகவும் அது ஒப்புக்கொண்டது. நல்ல முடிவு என்பேன். சட்டத்துக்கு உரியது பூட்டப்படட்டும், நமக்கு உரியது திறந்திருக்கட்டும். நாட்டைத் திருத்தி எழுதித் திறனைக் கூட்டுபவர்கள் இந்த இரண்டாவது உரிமைக்குத்தான் குழி பறிக்கிறார்கள்.

இணைப்புக் கொடுக்கும் கம்பெனி தரும் பெட்டியில் பெரும்பாலும் வேறு மென்பொருள் ஏற்ற முடியாது. அதை வைத்துக்கொண்டே, இணைப்பை மட்டும் கடத்திவிடும் பிரிட்ஜ் முறைக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். அதன் வைஃபையை அணைத்துவிட்டு, பின்னால் நம் ரவுட்டரை வைக்கலாம். புதிதாக வாங்கும்போது வேகத்தைப் பார்ப்பதற்கு முன் ஓப்பன்டபிள்யூஆர்டியின் ஆதரவுப் பட்டியலில் அந்த மாடலும், அதன் பதிப்பு எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரே மாடல் பெயரில் சிப்பை மாற்றி விற்பது வழக்கம். 4 மெகாபைட் சேமிப்பும் 32 மெகாபைட் நினைவகமும் உள்ள பழைய பெட்டிகளுக்கு இப்போதைய பதிப்புகள் வருவதில்லை. 2024 கடைசியில் ஓப்பன்டபிள்யூஆர்டி குழுவே பனானா பை என்னும் வன்பொருள் குழுவோடு சேர்ந்து ஓப்பன்டபிள்யூஆர்டி ஒன் என்ற ரவுட்டரை 89 டாலருக்கு வெளியிட்டது. அவ்வளவு செலவழிக்க வேண்டும் என்பதில்லை. இப்போது வீட்டில் இருக்கும் பெட்டியின் பாஸ்வேர்ட் உங்கள் செல்போன் எண்ணாக இருந்தால், இன்றைக்கே அதை மாற்றிவிடுங்கள்.